பவ்ஸானுக்கு ஒரு குறையும் இல்லை

தலைமன்னார்க் கரையில் பவ்ஸானைத் தெரியாதவர்கள் குறைவு. மற்ற வள்ளங்களில் இரண்டு பேர் தடி போட்டுக் காவுகிற எஞ்சினை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு மீன்வாடிக் கொட்டிலுக்கு நடப்பவன் என்று அவனுக்கு ஒரு பேர் இருந்தது. கடலால் வந்தவுடன் எஞ்சினைக் கழற்றிக் கரையேற்றாமல் விட்டால் விடிய எஞ்சின் இருக்காது என்பதால் எல்லாரும் காவத்தான் செய்கிறார்கள். ஆனால் பவ்ஸான் தன்னுடையதைக் காவி முடித்துவிட்டு அடுத்தவனுடையதையும் காவுவான். யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் கொஞ்சம் சுற்று வழியாகவும் காவுவான். போன வருடம் ஒரு மழை நாளில் கரையொதுங்கிய சாதாளைப் பாசியில் கால் வழுக்கி, எஞ்சின் மேலும் அவன் கீழுமாக விழுந்தான். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பவ்ஸானின் முள்ளந்தண்டுதான் நொறுங்கியது.

பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்து, உள்ளே ஆணிகள் வைத்துப் பூட்டி, வெளியே கட்டுவதற்குத் தடித்த பெல்ட் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கனநேரம் கதிரையில் இருக்கக் கூடாது, கடலை மறந்துவிட வேண்டும். ஊன்றுதடியோடு வீட்டுக்குள் நாலடி நடப்பான், பிறகு போய்ப் படுத்துக்கொள்வான். ஒரு நாளின் முக்கால்வாசியும் அவன் கூரையைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தான். இதெல்லாம் உண்மை. ஆனால் அவனிடம் சுகம் விசாரித்தால் வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான்.

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல சுகம்."

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தப் பக்கத்து முஸ்லிம் சனம் முழுக்க அப்படித்தான். காய்ச்சலில் கிடந்தாலும், கடை எரிந்தாலும், சுகமா என்று கேட்டவரிடம் முதலில் இறைவனைப் புகழ்ந்துவிட்டுத்தான் மற்றக் கதை. படைத்தவன் தந்ததைக் கண்டவரிடமெல்லாம் முறையிடுவது அழகில்லை. பவ்ஸானின் மனைவி ஹிதாயாவும் அப்படியே வளர்ந்தவள். மகள் ரிஸ்னா பிறந்த அன்று, பிரசவ அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவளிடம் தாதி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்க, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தினாள். ஆனால் மற்றவர்களுக்கு அதன்பிறகு ஒரு "ஆனால்" வரும். கால் நோகுது, கை நோகுது என்று கதை தொடங்கும். பவ்ஸானுக்கு அந்த "ஆனால்" வராது. ஒரு காலத்தில் எஞ்சின் காவினவன் வாயால் நோகுது என்று வரவே வராது.

வீட்டை இப்போது ஹிதாயாதான் இழுத்துக்கொண்டு போனாள். விடிய எழும்பி இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுப்பாள். வெயில் ஏறியதும் கருவாட்டு வாடிக்குப் போய் மீன் வெட்டி உப்புப் போடுவாள். அப்படியும் போதவில்லை. உடல் வலுவிழந்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற கொடுப்பனவு கிடைத்தால் இந்த உழைப்போடு சேர்த்து எப்படியும் தாக்குப் பிடிக்கலாம். கிடைக்காவிட்டால் அவள் குவைத்துக்குப் போக வேண்டும். ஒழுங்கைமுனை ஸுஹறா லாத்தா, அக்கா முறைக்காரி, முன்பு அங்கே தான் வேலை செய்த வீட்டுக்காரரின் உறவில் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். நோன்புப் பெருநாள் கழியப் பயணம். ரிஸ்னாவுக்கு இன்னும் தலை பின்னக்கூடத் தெரியாது.

போகும் எண்ணம் ஹிதாயாவுக்குத் துளியும் இல்லை. ஆனால் அவளை அதைவிட நோகச் செய்தது வேறொன்று. குவைத்துக் கதையை முதன்முதலில் எடுத்தபோது பவ்ஸான் "அல்லாஹ் நாடினபடி நடக்கட்டும்" என்றான். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான். போகாதே என்று ஒரு சொல் இல்லை. தன்னை அனுப்புவதில் இந்த மனிதனுக்கு ஒரு கவலையும் இல்லையா என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஸுஹறா லாத்தாவோ, தான் போன காலத்தில் புருசன் பாஸ்போட்டை ஒளித்து வைத்த கதையையும், இன்னொருத்தியின் புருசன் ஏர்போட் வானுக்கு முன்னால் குறுக்கே நின்ற கதையையும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க ஹிதாயாவுக்குப் பொறாமையாக இருந்தது.

விண்ணப்பம் கொடுத்துச் சில வாரங்களில் பிரதேச செயலகக் கந்தோரிலிருந்து ஆளைப் பார்த்து எழுதிப்போக ஒருவர் வந்தார். யதுசன் என்று பேர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. அன்றைக்கென்று ஹிதாயா வாடியில் நின்றாள். வாசற்படலையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. வீடு தேடி வந்த விருந்தாளி வெயிலில் நிற்க, வீட்டுக்காரன் படுத்துக் கிடப்பதாவது? பவ்ஸான் சுவரைப் பிடித்து எழும்பினான். பெல்ட்டைச் சேட்டுக்குள் மறைத்துக் கட்டினான். தடியைக் கட்டிலடியில் தள்ளினான். மண்டபத்தில் கிடந்த பெரிய மரக்கதிரையை, தானே, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முற்றத்து வேப்பமர நிழலுக்கு வந்தான்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. இருங்கோ. வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்கள்."

"ஐயா, பவ்ஸான் எண்டுறவர்…"

"நான்தான்."

யதுசன் கதிரையையும் பார்த்தான், அதைத் தூக்கி வந்தவனையும் பார்த்தான். உடம்பு எப்படி என்று கேட்டான். அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம் என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளையும் பாவம், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தானே எழுத முடியும். ஹிதாயா கையெல்லாம் மீன் செதிலோடு ஓடி வந்து சேர்ந்தபோது மோட்டார்சைக்கிள் தெருவில் ஏறிவிட்டது. பவ்ஸான் வேப்பமரத்தைப் பிடித்தபடி வியர்த்து ஊற்ற நின்றான்.

"போயிட்டாரா?" என்று கேட்டான்.

"போயிட்டார்."

"அப்ப யோகாவைக் கூப்பிடு. என்னால அசையேலாமக் கிடக்கு."

பக்கத்து வீட்டு யோகராசா வந்துதான் அவனைக் கட்டிலில் சேர்த்தான். அந்த வாரம் முழுக்க அவன் கழிவறைக்குப் போவதற்கும் இரண்டு பேர் வேண்டியிருந்தது. கந்தோரிலிருந்து பதிலும் வந்தது. தொழில் செய்யக்கூடிய உடல்நிலையில் உள்ளார், ஆகையால் கொடுப்பனவு இல்லை. ஹிதாயா அதை அவனுக்கு உரத்து வாசித்துக் காட்டினாள்.

"கதிரை தூக்கினீங்களாமே! எனக்கு ஒரு வாளி தண்ணி தூக்கித் தந்தனீங்களா?"

"விருந்தாளியை நிக்க வைக்கிறதா, ஹிதாயா?"

"அவர் விருந்தாளி இல்ல. உங்களுக்கு ஏலுமா ஏலாதா எண்டு பாக்க வந்தவர். ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுறதுக்கு உங்கட வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா கிடந்தது?"

பவ்ஸான் சுவரைப் பார்த்தான்.

மேன்முறையீடு செய்யலாம் என்று வழி சொன்னவன் யோகராசா. ஆட்டோ ஓட்டுகிறவன், ஊரில் எந்தக் கந்தோரில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சவாரி ஏற்றி ஏற்றியே படித்தவன். இந்த முறை வீட்டுக்கு ஆள் வராது, கந்தோருக்குப் போய்ப் பெரிய உத்தியோகத்தருக்கு முன்னால் இருந்து பதில் சொல்ல வேண்டும் என்றான். ஹிதாயா முதல் வேலையாகப் பள்ளிவாசலடிக்குப் போய்ச் சனூன் மௌலவியைக் கூட்டி வந்தாள். நோயை அதைக் கேட்க வேண்டியவரிடம் சொல்வது முறைப்பாடு ஆகாது, பொய் சொல்லாமல் உள்ளதைச் சொன்னால் போதும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பவ்ஸான் தலையாட்டிக் கேட்டான். எல்லாம் விளங்கிவிட்டது என்றான். புறப்படும்போது மௌலவி வாசலில் திரும்பி, "அப்ப இப்ப எப்பிடி, நோவு குறைவா?" என்று கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், ஹஸ்ரத். ஒரு குறையும் இல்ல."

மௌலவி ஹிதாயாவைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் ஒத்திகை நடந்தது. யோகராசா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, ஹிதாயாவின் ஊசிநூல் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு உத்தியோகத்தர் ஆனான்.

"உங்கட பேர் என்ன?"

"டேய் யோகா, என்ர பேர் உனக்குத் தெரியாதா?"

"நான் யோகா இல்ல. உத்தியோகத்தர்."

"அப்ப எழும்பி நிக்கோணுமா?"

"எழும்பினா முறிச்சுப்போடுவன், படு! முதுகு நோகுதா?"

பவ்ஸான் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். "நோகுது எண்டு… அப்பிடிப் பெரிசா இல்ல. எத்தினை சனம் படுத்த படுக்கையாக் கிடக்குது."

"நீயும் படுத்த படுக்கைதானடா மச்சான்!"

"அது சரி. ஆனா அவையளுக்கு இன்னும் கஷ்டம்தானே."

ரிஸ்னா வாசல்படியில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஹிதாயாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே போய் அழுதாள். பிள்ளையின் இந்தச் சிரிப்பைத் தொலைபேசியில் கேட்கிற காலம் வந்துவிடுமோ என்று பயந்தாள்.

கந்தோருக்குப் போகிற நாள் வந்தது. பவ்ஸானை ஆட்டோவின் பின்சீட்டில் சரித்துக் கிடத்தி, தலையை ஹிதாயா மடியில் வாங்கிக்கொண்டாள். மன்னார் வீதி நேரானது, காற்றும் நல்லாக இருந்தது. பேசாலை தாண்டி ஓர் இடத்தில் கழுதையொன்று நடுவீதியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. யோகராசா பிரேக் அடித்தான். பவ்ஸான் "உம்மா!" என்று அலறினான்.

"இந்தா, இந்தச் சத்தந்தான்!" என்றாள் ஹிதாயா. "இதை அப்பிடியே கொண்டுபோய் அங்க போடுங்கோ."

"அது கழுதையால வந்தது" என்றான் பவ்ஸான்.

"வேணுமெண்டா கழுதையையும் ஏத்திக்கொண்டு போவம்" என்றான் யோகராசா.

உத்தியோகத்தரின் பேர் சிவலட்சுமி. பெருநிலப்பக்கம் வயல்காரக் குடும்பத்து மனுசி, ஓய்வுக்குச் சில வருடங்கள்தான் இருக்கும். நிமிர்ந்து பார்க்காமல் எழுதுவதும் எழுதாமல் நிமிர்ந்து பார்ப்பதுமாக ஆளை அளக்கிறவர். பவ்ஸானைக் கண்டதும் தன்னுடைய குஷன் கதிரையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, வேறு கதிரை இழுத்துப் போட்டு அமர்ந்தார். யோகராசா வாசலில் சாய்ந்து நின்றான்.

"எழும்பாதேங்கோ, இருங்கோ. எப்பிடி இருக்கிறீங்கள்?"

ஹிதாயா மேசைக்கடியில் அவன் கையைப் பிடித்து நசித்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம் மிஸ். நீங்கள் எப்பிடி?"

சிவலட்சுமி பேனையை எடுக்கவில்லை. "நான் இருக்கிறன்" என்றார். பிறகு பக்கத்தில் பார்த்தார். "நீங்கள் இவற்ற மனுசியோ? உங்களுக்கு எப்பிடித் தங்கச்சி, சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ், சுகம் மிஸ்."

வாயை விட்டுப் போன பிறகுதான் ஹிதாயாவுக்கு உறைத்தது. பவ்ஸான் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. வாசலில் யோகராசா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"முதுகில நோவு இருக்கோ?" என்று சிவலட்சுமி கேட்டார்.

"சில நேரம் கொஞ்சம். அல்லாஹ் குறைச்சுத்தான் தந்திருக்கிறான்."

"நடப்பீங்களோ?"

"நடப்பன் மிஸ்."

"பாரம் தூக்குவீங்களோ?"

"இப்ப குறைவு. ஒரு காலத்தில மிஸ், எங்கட கரையில வந்து கேட்டுப் பாருங்கோ, இரண்டு பேர் காவுற எஞ்சினை நான் தனிய…" என்று தொடங்கியவன், தோளில் எப்படி ஏற்றுவது, எந்தக் காலை முதலில் வைப்பது, இறக்கும்போது மூச்சை எங்கே பிடிப்பது எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். கண் இரண்டும் மின்னின. ஹிதாயாவுக்குக் குவைத்துக்குப் போகிற விமானத்தின் இரைச்சல் காதில் கேட்பதுபோல இருந்தது.

சிவலட்சுமி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, டொக்டர் எழுதித் தந்த துண்டு என்னட்ட இருக்கு. எக்ஸ்ரே படமும் இருக்கு. ஆனா வீட்டில அன்றாடம் இவருக்கு என்ன ஏலும், என்ன ஏலாது எண்டு இவற்ற வாயால கேட்டு நான் எழுதோணும். அது இல்லாம இது மேல போகாது. இவர் சொல்லுறதை எழுதினா, நானே இவரைக் கடலுக்கு அனுப்பி வைக்கோணும். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

ஹிதாயாவின் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. கந்தோர் என்றும் பார்க்கவில்லை, அடுத்த மேசைகளில் ஆட்கள் கேட்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. "இவர் சொல்ல மாட்டார் மிஸ். இவருக்கு ஒண்டும் இல்ல, ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் குறை. நான் பெருநாள் முடியக் குவைத்துக்குப் போறன். பாஸ்போட்டும் வந்திட்டுது. அங்க ஆற்றயோ பிள்ளையைப் பாக்கப் போறன், என்ர பிள்ளையை விட்டிட்டு. இவருக்கு அதுவும் அல்ஹம்துலில்லாஹ்தான்!"

முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

சிவலட்சுமி அவளைக் கொஞ்சநேரம் அழவிட்டார். பிறகு பவ்ஸானிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப இவ போனாப்பிறகு வீட்டு வேலை, பிள்ளை, சமையல் எல்லாம் நீங்கள்தான். நல்ல சுகமாத்தானே இருக்கிறீங்கள். பாப்பீங்கள்தானே?"

ஹிதாயா கண்ணை மூடிக்கொண்டாள். வரப்போகிற பதில் அவளுக்குப் பாடம். ஆனால் வரவில்லை.

"அது எப்பிடி மிஸ்?" என்றான் பவ்ஸான்.

அவன் குரலில் கோபம் இருந்தது. ஹிதாயா கண்ணைத் திறந்தாள்.

"இவ செய்யிறதை நான் செய்யிறதா? இவ என்ன செய்யிறா எண்டு உங்களுக்குத் தெரியுமா மிஸ்? தெரியாமக் கதைக்கக் கூடாது."

"தெரியாதுதான். சொல்லுங்கோ" என்றார் சிவலட்சுமி. பேனையை எடுத்தார்.

"சுபஹுத் தொழுகைக்கு முதல் எழும்பி இடியப்பம் அவிப்பா. அடுப்பில ஒரு கண், என்னில ஒரு கண். கரையில கிடக்கிற வள்ளத்தைப் புரட்டுற மாதிரி என்னைப் புரட்டி இருத்துவா. ஒருநாளும் நோகப் புரட்டினதில்ல. ஆஸ்பத்திரித் தாதிமாரே அப்பிடிச் செய்யேல்ல மிஸ். பெல்ட்டைக் கட்டுவா. நான் கட்டினா ஒரு பக்கம் ஏறிப்போகும், இவ கட்டினா அப்பிடியே நிக்கும். தொழுகைக்குக் கால் கழுவி விடுவா."

"ஏன், காலை நீங்கள் கழுவிறேல்லையோ?" எழுதியபடியே கேட்டார்.

"நான் எப்பிடி மிஸ் குனியிறது? குனியேலாதே! இவதான் வாளியோட வந்து குந்தி இருந்து, விரலுக்கு விரல் தண்ணி விட்டுக் கழுவுவா. ஒரு விரலை விட்டதில்ல. என்ர உம்மா இருந்தாலும் அப்பிடிக் கழுவமாட்டா."

"பிறகு?"

"பிறகு உடுத்த சாரம் மாத்துவா. கக்கூசுக்குப் போனா வாசல்ல நிப்பா, பிடிச்சு இறக்குவா, பிடிச்சு ஏத்துவா…"

"இஞ்சேருங்கோ!" என்று ஹிதாயா அவன் கையைப் பிடித்தாள். முகமெல்லாம் சூடேறிவிட்டது.

"நீ சும்மா இரு. மிஸ் கேக்கிறா. ஒருநாளும் மூக்கைச் சுளிச்சதில்ல மிஸ், அதைத்தான் சொல்லுறன். அங்கால கேளுங்கோ. நான் தும்மினா முள்ளந்தண்டு பிளக்கிற மாதிரி வரும். அதை நான் இவட்டச் சொன்னதே இல்ல. இவ அடுப்படியில நிண்டாலும் எப்பிடியோ விளங்கி ஓடி வந்து, தும்முறதுக்கு முதல் இடுப்பைப் பிடிச்சுக்கொள்ளுவா. எப்பிடி விளங்குது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

அது ஹிதாயாவுக்குத் தெரியும். தும்மல் வருவதற்கு முன்னால் அவன் பயத்தில் ஒரு மாதிரி மூச்சை இழுப்பான். அந்தச் சத்தத்துக்காக ஒரு வருடமாக அவளுடைய காது எந்த வேலைக்கு நடுவிலும் திறந்துதான் இருந்தது. அதை இவன் கவனித்திருப்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"கதிரையில எவ்வளவு நேரம் ஒரேயடியா இருப்பீங்கள்?" என்று இடையில் கேட்டார் சிவலட்சுமி.

"இருக்கிறதா? ஒரு பிளேன்ரீ குடிச்சு முடிக்கிற நேரம். அதுக்கு மேல ஏலாது. அது இவவுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்ல. முகத்தைப் பாத்திட்டு, சரிஞ்சு படுங்கோ எண்டு தலாணியோட வருவா. பிறகு வாடிக்குப் போய் வெயிலுக்குள்ள மீன் வெட்டுவா. கையைப் பாருங்கோ மிஸ், காட்டு ஹிதாயா கையை. உப்பில வெடிச்சுக் கிடக்கு. இந்தக் கை வெடிக்கிறதுக்கு நான்தானே காரணம். நான் ஒரு வாளி தண்ணி தூக்கேலாது. பிள்ளையைத் தூக்கேலாது. சந்தைக்குப் போகேலாது. இவ எல்லாத்தையும் செய்து போட்டு, பின்னேரம் வந்து என்ர தலைமாட்டில இருந்து ஊர்க்கதை சொல்லுவா. அந்தக் கதைக்காகத்தான் மிஸ் நான் பகல் முழுக்கக் கூரையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறது. இவ போனா நான் என்னத்துக்கு…"

அவன் நிறுத்தினான். மூக்கை உறிஞ்சினான். எஞ்சின் காவின பவ்ஸான், கந்தோரில், பத்துப் பேருக்கு நடுவில், கண்ணைத் துடைத்தான்.

"இவ போகக் கூடாது மிஸ். உங்கட காசு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் இவவை விடமாட்டன். ஒருநாளும் விடமாட்டன்."

ஹிதாயாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன. இத்தனை மாதம் அந்தச் சுவருக்கு மட்டும் காட்டிக்கொண்டிருந்த முகத்தை இந்த மனிதன் ஒரு கந்தோரில் வந்தா திருப்ப வேண்டும்? கோபமும் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோசமும் வந்தது. அவன் கையை இப்போது மேசைக்கடியில் அல்ல, மேசைக்கு மேலேயே பிடித்துக்கொண்டாள்.

"காணும், காணும்" என்றார் சிவலட்சுமி. "எழுத இனி இடமில்ல." எழுதியதை ஒருமுறை கண்ணால் ஓட்டிவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். "நான் சிபாரிசு எழுதிட்டன். டொக்டரும் எழுதியிருக்கிறார். இதுக்கு மேல ஆரும் மறுக்க மாட்டினம். பெருநாளுக்கு முந்தி வந்திடும் எண்டு நினைக்கிறன்."

பவ்ஸானுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் இன்னும் என்ர வருத்தத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே மிஸ்?"

"இல்ல, நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல" என்றார் சிவலட்சுமி. முதல் தடவையாகச் சிரித்தார். "கூட்டிக்கொண்டு போங்கோ தங்கச்சி. பிளேன்ரீ குடிக்கிற நேரம் முடிஞ்சு போச்சு, ஆளுக்கு முகம் வெளுக்குது."

யோகராசா ஒரு பக்கமும் ஹிதாயா ஒரு பக்கமுமாக அவனைத் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். விறாந்தையில் முறைக்குக் காத்திருந்த சனம் எழும்பி, தாங்கள் இருந்த நீள வாங்கை முழுதாக விட்டுக்கொடுத்தது. பவ்ஸான் அதில் நீட்டிப் படுத்தான். யோகராசா ஆட்டோவைக் கிட்டக் கொண்டுவரப் போனான்.

"இதெல்லாம் என்னட்ட எப்ப சொல்லுறதா இருந்தீங்கள்?" என்று குனிந்து கேட்டாள் ஹிதாயா.

"எதை?"

"அங்க சொன்னதை."

"உனக்குத் தெரியுந்தானே."

"தெரியாது."

பவ்ஸான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். நிசமாகவே திகைத்துப் போயிருந்தான். "போகாதை எண்டு சொல்லுறதுக்கு எனக்கு என்ன வக்கு இருக்கு, ஹிதாயா? உழைச்சுப் போடுறவ நீ. படுத்துக் கிடக்கிறவன் நான். நான் எந்த வாயால சொல்லுறது?"

"இப்ப சொன்ன வாயாலதான்" என்றாள் அவள். அவனுடைய நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள். வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. ஸுஹறா லாத்தா. குவைத்துக்காரர் அவசரப்படுத்துகிறாராம், மருத்துவச் சோதனைக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டாள்.

"நான் வரேல்ல லாத்தா. வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்கோ."

"என்னடி, காசு கிடைச்சிட்டுதா?"

"இன்னும் கைக்கு வரேல்ல. வரும்."

"அப்ப வந்தாப்பிறகு யோசிக்கலாமே. ஏன் அவசரப்படுறாய்?"

ஹிதாயா எழும்பி நின்றாள். முந்தானையைச் சரி செய்தாள்.

"அவர் விடமாட்டன் எண்டிட்டார், லாத்தா."

"ஆரு? பவ்ஸானா? உரத்துச் சொல்லு, ஒண்டும் கேக்கேல்ல."

கேட்கவில்லை என்றது ஹிதாயாவுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. விறாந்தையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, "என்ர மனுசன் என்னை விடமாட்டாராம், லாத்தா!" என்று இன்னொரு தரம் உரத்துச் சொன்னாள்.